ஸ்டேஷனில் நின்ற வண்டி

இன்று காலை பஜாரில் பஞ்சர் கடையைத் தாண்டும்போது சொல்யூஷன் வாசனை வந்தது. டியூபைச் சுரண்டி, அந்தப் பசையைத் தடவி, காய்வதற்கு வாயால் ஊதுவார்களே, அந்த வாசனை. காய்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். ஒன்றுமில்லை என்று நடந்தேன். வீடு வரைக்கும் நீங்கள் கூடவே வந்தீர்கள்.

உங்கள் கம்பெனியில் இருந்த வடநாட்டு அதிகாரி ஊருக்குத் திரும்பும்போது உங்களிடம் விட்டுப்போன கியர் சைக்கிள் அது. சிவப்பு வண்டி, தடித்த முள் டயர். மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை. மலை ஏறுகிற வண்டி என்று பெருமையாகச் சொன்னீர்கள். கும்மிடிப்பூண்டியில் எங்கே மலை என்று கேட்டேன்.

"ஏன், மேம்பாலம் இருக்குதே. அது பத்தாதா?"

கேரியர் போட்டால் நானும் பின்னால் உட்கார்ந்து வருவேன் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். போட்டால் பால்காரர் வண்டி மாதிரி ஆகிவிடும் என்று சிரிப்பீர்கள். கடைசிவரை நான் அதில் ஏறவில்லை.

கம்பெனியை மூடிய பிறகு உங்களுக்குத் திருவொற்றியூரில் வேலை கிடைத்தது. காலையில் வண்டியை ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டுவிட்டு லோக்கல் ரயிலில் போவீர்கள். சுனாமிக்கு முந்தின மழைக்காலத்தில் ஒரு நாள், ரயிலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். பொன்னேரியில் இறக்கினார்களாம். உங்கள் உடலைத்தான் வேனில் கொண்டுவந்தார்கள். சட்டைப் பையில் இருந்த சைக்கிள் சாவியை யாரோ என் உள்ளங்கையில் வைத்து மூடினார்கள். வண்டியை நினைத்துப் பார்க்க அன்றைக்கு யாருமில்லை. அது ஸ்டேஷனிலேயே நின்றது.

அம்மா வீட்டுக்கு வந்துவிடு என்று என் அண்ணன்மார் கூப்பிட்டார்கள். உங்கள் அம்மாவை, என் அத்தையைத் தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டோடு நின்றுவிடும், உள்ளே நடைதான். நாளெல்லாம் நின்று வேலை செய்த காலோடு திரும்ப நடக்கும்போது, பூட்டிக் கிடக்கும் உங்கள் வண்டி ஞாபகம் வரும். பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னார் வெளியூரில் இருக்கும் உங்கள் அண்ணன். நான் அதை எடுத்து ஓட்டப்போகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் சொன்னேன்.

அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வண்டி ஸ்டேஷன்ல நிக்கிற வரிக்கும் அவன் வேலைக்குப் போயிக்கிறான்னு நெனச்சிக்கினு கெடக்கறேன். அதயும் நீ எடுத்துக்கினு வந்துட்டா எனுக்கு இன்னாமா மிச்சம்?"

அதற்குப் பிறகு பல வாரம் நடந்தே போனேன். ஒரு நாள் காலில் கொப்புளம் உடைந்து செருப்பெல்லாம் ரத்தமாக வந்தேன். அத்தை வெந்நீர் வைத்துக் கழுவிவிட்டார். துடைத்து முடித்ததும், சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சாவியைத் தானே எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஸ்டாண்டின் கடைசியில், வேலியோரமாகத் தள்ளிவைத்திருந்தார்கள். சக்கரக் கம்பிகளுக்குள் கொடி புகுந்து ஏறியிருந்தது. சீட்டை எலி கடித்திருந்தது. செயின் ஒரே துருக்கட்டி. ஹேண்டில் உறையில் மட்டும் உங்கள் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் அப்படியே இருந்தது. என் விரலை அதில் வைத்துப் பார்த்து, சட்டென்று எடுத்துவிட்டேன். பூட்டு எண்ணெய் விட்டும் லேசில் திறக்கவில்லை. யாருடைய வீட்டுக் கதவையோ திறப்பது போல இருந்தது.

பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் உங்களை அறிந்தவர். வண்டியைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். பிறகு எனக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டார். மழையில், சேற்றில், தினமும் வேலைக்குப் போய் வருகிற வண்டி வேண்டும் என்றேன். இறுகிப்போன கியர்களைக் கழற்றிவிட்டுச் செயினைக் குட்டையாக்கினார். முள் டயருக்குப் பதில் சாதா டயர் போட்டார். முதுகு வளையாமல் இருக்க உயரமான ஹேண்டில், துப்பட்டா மாட்டாமல் இருக்கச் செயின் கவர், மட்கார்டு, ஸ்டாண்டு, கூடை, கேரியர் எல்லாம் வந்தன. நான் கூடவே உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் துணியால் துருவைத் துடைத்தேன்.

சீட்டுத் தண்டு மட்டும் இறங்கவே இல்லை. உங்கள் உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மறுநாள் பாய் சுத்தியால் அடித்தார். கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டு இறங்கியது. நான் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை. மிதிக்காமல் விட்டால் பின்சக்கரத்தில் கறகறவென்று ஒரு சத்தம் வருமே, அது. ஃப்ரீவீல் நல்ல ஃப்ரீவீல்மா, இருக்கட்டும் என்றார் பாய். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

முதல் நாள் ஸ்டேஷன் ரோட்டில் வரும்போது, டீக்கடைக்காரர் தூரத்தில் சிவப்பைப் பார்த்துவிட்டுக் கிளாஸைக் கையில் எடுத்தார். கிட்டே வந்ததும் என்னைப் பார்த்து, எடுத்ததை மெதுவாக வைத்தார். நம் தெரு முனை இறக்கத்தில் நான் மிதிப்பதை நிறுத்தினேன். சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. வீட்டு வாசலில் அத்தை சொம்புத் தண்ணீரோடு நின்றார். நீங்கள் வரும்போது நிற்பாரே, அதே இடத்தில். என் முகத்தைப் பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் எனக்குப் பின்னால் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். சொம்பை என்னிடம் கொடுக்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை.

மறுநாளே பாயிடம் சொல்லி ஃப்ரீவீலில் கெட்டியாகக் கிரீஸ் வைத்துக்கொண்டேன். அன்று சத்தமில்லாமல் வந்தேன். அத்தை உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தார். விளக்குகூடப் போடவில்லை.

"வந்ததே தெர்லியே. அப்டி வராதமா."

அவ்வளவுதான் சொன்னார். கிரீஸைத் துடைத்து எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் சத்தத்தோடு வந்தேன். தினமும் அத்தை வாசலுக்கு வந்தார். சத்தம் கேட்பதற்கும் என் முகம் தெரிவதற்கும் நடுவில் ஒரு சின்ன நேரம் இருந்தது. அந்த நேரம் அத்தைக்கு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நாளும் நான்தான் அதை முடித்துவைத்தேன்.

அடுத்த மழையில் அத்தைக்குக் கடுமையான காய்ச்சல். அன்றைக்குப் பார்த்துக் கடையடைப்பு, ஆட்டோ எதுவும் ஓடவில்லை. கேரியரில் பழைய போர்வையை மடித்துப் போட்டு அத்தையை உட்காரவைத்தேன். துப்பட்டாவால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். அத்தையின் உடம்பு என் முதுகில் அனலாகச் சுட்டது. மேம்பாலத்தில் ஏற முடியாமல் ஏறி, உச்சியைத் தாண்டியதும் காலை நிறுத்தினேன். இறக்கத்தில் அந்தச் சத்தம் கிளம்பியது. அத்தையின் கன்னம் என் முதுகில் சாய்ந்தது.

"மெல்லப் போடா. இன்னா அவசரம் உனுக்கு."

திரும்பிப் பார்க்கவில்லை. பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்தேன். பிறகு, நீங்கள் சொல்வது போலவே சொன்னேன்:

"சரிம்மா."

அத்தை கன்னத்தை எடுக்காமல் சாய்ந்தபடியே வந்தார். நான்கைந்து நாளில் காய்ச்சல் இறங்கியது. அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. காய்ச்சலில் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. அதன்பிறகு ரேஷன் கடைக்கும், பெரியபாளையம் கோயிலுக்குப் பஸ் ஏறவும் அதே கேரியரில்தான் வந்தார். என்னை என் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

அத்தை போய் இரண்டு ஆடி கடந்துவிட்டது. படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில், நான் பக்கத்திலேயே இருக்கும்போதும் வாசலைப் பார்த்து, வந்துட்டியா என்று கேட்பார். உங்களையா, என்னையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் வாசலில் சொல்வீர்களே, அப்படியே, வந்துட்டேம்மா என்று நம் இருவருக்கும் சேர்த்துச் சொல்வேன். உடனே கண்ணை மூடிக்கொள்வார்.

இப்போது கேட்க யாருமில்லை. ஆனாலும் சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே காலை வைக்கும்போது, வந்துட்டேம்மா என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. என் குரல்தான். சொல்கிற விதம் உங்களுடையது.