பாட்டுக்கு முன்னால் ஒரு செருமல்

12.3.84, திங்கள்

பாடுவதற்கு முன் அந்த அம்மா தொண்டையைச் செருமுகிறாள். ஏதோ பேசுகிறாள், லேசாகச் சிரிக்கிறாள். அப்புறம்தான் கிட்டார்.

திருநகர் ஹாலாஸ்யம் சார் கொண்டுவந்த இசைத்தட்டு. காலேஜில் இங்கிலீஷ் வாத்தியார். அமெரிக்காவில் ஐம்பது வருடத்துக்கு முன் பாடிய கறுப்பினப் பெண்ணாம். தேய்ந்துபோன தட்டுகளிலிருந்து இரைச்சலை எடுத்துவிட்டு இப்போது புதிதாகப் போட்டிருக்கிறார்களாம். கேசட்டில் பதிந்து தரச் சொன்னார். எல்லாம் கடைக்கார சிவனாண்டி அண்ணனிடம் சொன்னது. நான் தடுப்புக்குப் பின்னால் மெஷின் பக்கம் இருந்தேன். ஆள் வந்தால் நான் வெளியே வருவதில்லை.

குரலைக் கேட்டு ஆம்பளை என்றே நினைத்தேன். அட்டையில் பார்த்தால் பெண்.

எனக்கும் அப்படிக் குரல்தான். எட்டாவதில் செய்யுள் ஒப்பிக்க எழுந்தால், "மாமா வந்துட்டாருடி" என்று பின் பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். அதோடு பள்ளிக்கூடம் போகவில்லை.

13.3.84

மதியம் அண்ணன் சாப்பிடப் போனதும் தட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, பழைய டேப் ரெக்கார்டரை எதிரே வைத்து எனக்கென்று முழுசாகப் பிடித்துக்கொண்டேன். கடைக் கேசட். கேட்காமல் எடுத்தது.

திரும்பப் போட்டால் - இரண்டாவது பாட்டில் கூடவே நானும் பாடியிருக்கிறேன். வார்த்தை இல்லை, வெறும் ராகம். எனக்கே தெரியாமல். அந்த ரெக்கார்டர் பக்கத்தில் உள்ளதையெல்லாம் பிடித்துவிடும், பஸ் ஹாரன்கூட இருக்கிறது. காது கூசி அணைத்துவிட்டேன்.

சாருக்கு மெஷினிலிருந்து நேராக வயர் போட்டு, வெளிச்சத்தம் விழாமல் சுத்தமாகப் பதிந்தேன்.

14.3.84

சார் வாங்கிப் போனார். "அன்னக்கொடி பதிஞ்சா கண்ணாடி மாதிரி இருக்கும் சார்" என்றார் அண்ணன். உள்ளே நின்று சிரித்துக்கொண்டேன்.

17.3.84, சனி

சார் திரும்ப வந்தார். "பாட்டெல்லாம் இருக்கு. நடுவில அவ பேசினதெல்லாம் காணுமே?"

எங்கள் கடையில் பாட்டு மட்டும்தான். சினிமாத் தட்டில் வசனம் வந்தால் நிறுத்தி வைத்து, பாட்டு தொடங்கியதும் விடுவேன். அண்ணன் பழக்கியது. அந்த அம்மாவின் பேச்சையும் அப்படியே வெட்டிவிட்டேன். செருமலையும்.

பாட்டை யாரிடம் கற்றாள், எங்கே பாடினாள் என்று அதில்தான் சொல்கிறாளாம். வகுப்பில் போட நினைத்திருந்தாராம். தட்டு அமெரிக்க நண்பருடையது. அவர் வியாழக்கிழமையே ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்.

அண்ணன் என்னை வெளியே கூப்பிட்டார். "மெசின்ல கோளாறு சார். இல்லையா அன்னக்கொடி?"

தலையை ஆட்டினேன். ஆட்டிட்டேனே. வாய் இருந்தும் ஊமையா நின்னேனே. சார் திட்டவில்லை. "சரி, என்ன பண்றது" என்று குடையை எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருக்கலாம்.

18.3.84

அர்த்தம் தெரியாட்டியும் அந்தப் பேச்சு எனக்குப் பிடிச்சிருந்துச்சு. பிடிச்சத எதுக்கு வெட்டுனேன்?

என் கேசட்டில் எல்லாம் இருக்கிறது. கொடுத்தால் எடுத்தது தெரியும். அதுக்கு ஏச்சு வாங்கிக்கலாம். ஆனால் என் குரல்? வகுப்பு முழுக்கக் கேட்குமே. அந்த இடத்தை மட்டும் அழித்துவிடலாமா? பட்டனில் விரலை வைத்துவிட்டேன். அழித்தால் அவளும் போய்விடுவாள். யார் யாரோ இரைச்சலை எடுத்து அவளைச் சுத்தம் பண்ணியிருக்கிறார்கள். அவளை விட்டுவிட்டு என்னை மட்டும் எடுக்க எனக்குத் தெரியாது.

19.3.84

அழிக்கவில்லை.

20.3.84, செவ்வாய்

கேசட் எடுத்ததையும் கூடப் பாடியதையும் அண்ணனிடம் சொன்னேன். "ஏத்தா, களவாண்டதும் இல்லாம கச்சேரி வேறயா?" என்றார். பிறகு, அவர் வரமாட்டாராம், நானே போய்க் கொடுக்க வேண்டுமாம்.

திருநகருக்கு பஸ். கேசட்டைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்றுதான் போனேன். சார் உட்காரச் சொல்லி, அப்போதே போட்டார். செருமல் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். முதல் பாட்டு முடிந்தது. பேச்சு. இரண்டாவது பாட்டு. நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார் கண்ணைத் திறந்தார். "கூடப் பாடறது யாரும்மா?"

தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாந்தேன் சார்" என்றேன்.