இரண்டாவது பொட்டலம்

சென்னை,
19.1.2025

அன்புள்ள மதினிக்கு,

ஜெகதீஸ்வரி எழுதுவது. போனில் பேசினால் அம்மா, அண்ணன் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அதனால்தான் தபால். பக்கத்து வீட்டுத் தங்கச்செல்வி அக்கா முகவரிக்கு அனுப்புகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

கோடிங் வகுப்பு தொடங்கிவிட்டது. ஆறு மாதமும் சாப்பாடு, விடுதி எல்லாம் ஸ்காலர்ஷிப்பிலேயே. சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள், அதை மட்டும் மன்னிக்க முடியவில்லை. இன்டர்வியூவில் நான் நன்றாகப் பேசியதாக மேடம் எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். பருத்திக் காட்டில் நிரை நிரையாகக் கூடவே வந்து நீங்கள் கேள்வி கேட்டு என் உயிரை வாங்கியது அவர்களுக்குத் தெரியாது. "தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு, தரையப் பாக்காத" என்பீர்களே, அது இப்போதும் காதில் கேட்கிறது.

அதை விடுங்கள். என்னை அனுப்பலாமா என்று பூப்போட்டுப் பார்க்கணும் என அம்மா கோவிலில் நின்றபோது, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியையே வைத்துக் கட்டினீர்களே! வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று அம்மா வேண்டிக்கொள்ள, எதை எடுத்தாலும் வெள்ளைதான். நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். யாரிடமும் மூச்சு விடமாட்டேன்.

அடுத்த பேட்ச்சுக்கு விண்ணப்பம் வாங்குகிறார்கள். கல்யாணமானவர்களும் வரலாமாம். நீங்கள் பி.எஸ்ஸி. கணக்கு. போட்டுப் பாருங்களேன் மதினி.

உங்கள் அன்பு,
ஜெகதி


எம்.ரெட்டியபட்டி,
9.2.2025

ஆசை ஜெகதிக்கு,

மதினி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

நீ சொன்னபடி விண்ணப்பம் போட்டேன். தேர்விலும் தேறிவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி சென்னையில் இன்டர்வியூ. அது தெரிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலையில் அரிசி போட்டேனா என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறேன். பருத்தி எடுத்துக்கொண்டே எனக்கு நானே கேள்வி கேட்டுப் பதில் சொல்கிறேன். பக்கத்து நிரையில் நிற்கிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

உங்க அண்ணனிடம் சொன்னேன். கோபப்படவில்லை, அம்மாவைக் கேள் என்றார். அத்தை, பூப்போட்டுப் பார்ப்போம் என்கிறார். என் காரியம் என்பதால் பொட்டலத்தை இந்தத் தடவை அவரே கட்டுவாராம். இரண்டில் ஒன்று வெள்ளை, அதுவரைக்கும் சரி. ஆனாலும் நீ ஒரு வார்த்தை சொன்னால் பூவே வேண்டியிருக்காது. உன் பேச்சை அத்தை தட்டமாட்டார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கென்று உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

பிரியமுடன்,
உன் மதினி சுமதி


சென்னை,
16.2.2025

அன்புள்ள மதினிக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் தேறுவீர்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். நான் சும்மா சொன்னதை இவ்வளவு தூரம் கொண்டுபோவீர்கள் என்றுதான் நினைக்கவில்லை.

நீங்களும் வந்துவிட்டால் வீடு என்ன ஆகும் மதினி? அம்மாவால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. அண்ணனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. கடைசியில் என்னைத்தான் திரும்பி வா என்பார்கள். அடுத்த மாதம் எனக்குக் கம்பெனி இன்டர்வியூக்கள் தொடங்குகின்றன. பயமாக இருக்கிறது. குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்தால் பக்கத்திலேயே உங்களுக்கு ஒரு வேலை கிடைக்காமலா போகும்?

நேற்று அம்மாவிடம் பேசினேன். பூப்போட்டே பார்க்கட்டும். சாமி என்ன சொல்கிறதோ அதன்படி நடப்போம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என்றும் உங்கள்,
ஜெகதி


சென்னை,
28.2.2025

ஜெகதிக்கு,

ஊருக்குத் திரும்பக் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காளியம்மன் கோவிலில் பூப்போட்டோம். ஒரு சின்னப் பிள்ளை எடுத்துக் கொடுத்தது. சிவப்பு. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, மற்றப் பொட்டலத்தை மடியில் சொருகப் போனார். உன் தடவை அதே மாதிரி மடியில் சொருகியவள் நான். வாங்கிப் பிரித்தேன். அதிலும் சிவப்பு அரளி.

அத்தைக்கு இந்த வித்தை தானாகத் தோன்றாது. அது தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். கோவில் என்றும் பார்க்காமல் அழுதேன் ஜெகதி. போகாதீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் நீ எழுதியிருந்தால், உனக்காகத் தங்கியிருப்பேனோ என்னவோ.

உங்க அண்ணன் பைக்கில் அருப்புக்கோட்டை வரை கொண்டுவந்து விட்டார். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"சாமி வேணாம்னு சொல்லியும் போறியே."

"சாமி சொல்லலைங்க. உங்க தங்கச்சி சொல்லுச்சு" என்று இரண்டு பொட்டலத்தையும் அவர் கையில் கொடுத்தேன். பஸ் ஏறும்போது தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார்.

நீங்கள் எழுதிய புரோகிராம் ஒரு விடை தந்தால் அதைச் சரியென்று எப்படி நம்புவீர்கள் என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். ஒரு பொட்டலத்தைப் பிரித்து வந்த பதிலை நம்பமாட்டேன், மற்றதையும் பிரித்துப் பார்ப்பேன் என்று சொல்லி, நடந்த கதையைச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. தரையையும் பார்க்கவில்லை. இடம் உண்டென்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். ஏப்ரலில் வகுப்பு.

அத்தைக்குத் தண்ணீர் எடுத்து, ஒரு வேளை சமைத்துக் கொடுக்கத் தங்கச்செல்வி ஒத்துக்கொண்டிருக்கிறாள். உன்னை யாரும் திரும்பி வா என்று சொல்லமாட்டார்கள். கம்பெனி இன்டர்வியூவில் நன்றாகப் பேசு.

ஒரே ஊர்க்காரர்கள் என்று, விடுதியில் உன் அறையிலேயே கட்டில் போடட்டுமா என்று மேடம் கேட்டார்கள். வேறு அறை கேட்டிருக்கிறேன்.

சுமதி