உன் நேரத்தில் கொதித்த தண்ணீர்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் தோள்வலியும் அவருடைய வாயும் மட்டும் குறைந்தபாடில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு வேண்டியது. போனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

ரிட்டயரான மனிதர் சும்மா இருப்பாரா, நான் தையல் கடையிலிருந்து வரும்போது டீக்கு வெந்நீர் தயாராக இருக்கட்டும் என்று ஒரு டைமர் செய்யக் கிளம்பிவிட்டார். கடையிலேயே விற்கிறதே என்றதற்கு, "காசைக் கரியாக்கச் சொல்றியா, நான் எதுக்கு இருக்கேன்" என்று ஒரு முறைப்பு. சாவி கொடுக்கிற அலாரம் கடிகாரம் இருக்கிறதே, மணி அடிக்கும்போது அதன் முதுகில் இருக்கும் சாவி தானாகச் சுற்றும் இல்லையா, அந்தச் சாவியில் என் தையல் நூலைக் கட்டி மறுமுனையை ஒரு தொளதொளத்த பழைய சுவிட்சில் மாட்டிவிட்டார், சாவி சுற்றினால் நூல் இழுக்கும், சுவிட்ச் விழும், கெட்டில் சூடாகும். வயரை வெட்டி என் நல்ல கத்தரிக்கோலை மழுக்கியது தனிக் கதை. மதியம் சாப்பிட்டதும் அலாரம் முள்ளை ஆறில் வைத்துவிட்டு, பெரிய சாதனை செய்தவர் மாதிரி படுத்துத் தூங்கிவிட்டார். அது எந்தக் கடிகாரம் என்று யோசிக்கவே இல்லை. நீ போன நாளிலிருந்து உன் ஊர் நேரம் காட்டிக்கொண்டிருக்கிறதே, அலமாரி மேல், அதேதான்! அது அடித்தபோது உனக்குக் காலை ஆறு, இங்கே வெயில் கூடத் தணியவில்லை.

சாயங்காலம் நான் வந்து பார்த்தால் தண்ணீர் கொதித்து ஆறிக் கிடக்கிறது, இவர் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னங்க ஆச்சு என்றேன். "மணி அடிச்சுது, புள்ள எழுந்துட்டா, கூப்பிடுவா" என்றார். தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்தவர்தான், தெளிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. முன்பெல்லாம் நீ பல் தேய்ப்பதற்கு முன்னாடியே அவரைக் கூப்பிடுவாய், நீ சொன்னதையெல்லாம் எனக்கு ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். புது வேலை வந்த பிறகு இரண்டு வரி மெசேஜோடு சரி. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, உனக்கு எத்தனை ஓட்டம் என்று எனக்குத் தெரியாதா. ஆனாலும் உன் குரல் கேட்காமல் எனக்கே நாள் போகவில்லை, அவர் பாவம் சொல்லவும் மாட்டார்.

முள்ளை நம் நேரத்துக்குத் திருப்பி வைக்கிறேன் என்றேன், "அதைத் தொடாதே" என்று எரிந்து விழுந்தார். இப்போது தினமும் மதியம் சாவி கொடுக்கிறார், மணி அடித்ததும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். எனக்கென்னவோ ஆறின தண்ணீர்தான்.

தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு, ஈரத்தோடு வெளியே ஓடாதே. நீ எல்லா நலமும் பெற்று நன்றாக இருக்க வேண்டும் தங்கம். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் எழுந்ததும் அப்பாவைக் கூப்பிடு. நான் கடையில் இருப்பேன், பரவாயில்லை, என்னை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் போதும். நான் எழுதினேன் என்று மட்டும் உளறிவிடாதே. எதுக்கும்மா கூப்பிட்டே என்று கேட்பார். சும்மாதான்ப்பா என்று சொல்.

உன் அம்மா