மூலை வெட்டாத படம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீ நலம் என்று தெரியும். அந்த ஊர்ப் பத்திரிகையில் உன் படம் வந்திருப்பதை போலீஸ் ஆய்வாளர்தான் கொண்டுவந்து காட்டினார். சற்றுச் சதை போட்டிருக்கிறாய். மாடிவீட்டுத் தையற்காரம்மா தன் மகளைப் பார்க்க அங்கே வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

பேட்டியில், உன் துணிச்சல் அம்மா கொடுத்தது என்று சொல்லியிருந்தாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தலைவர் தொட்டிலில் விரல் சூப்பிக்கொண்டு கிடக்கும் அந்தப் படத்தை, உன் கூட்டாளி மொட்டை ஏணி பிடிக்க, பதினோரு சுவர்களில் அடித்தாய். ஊரே சிரித்தது. சுவரில் வைத்துச் சாயம் தெளிக்கும் அச்சு வெட்ட ஆஸ்பத்திரியிலிருந்து பழைய எக்ஸ்ரே படங்களைக் கொண்டுவந்து தந்தவள் நான். பெயர் இருக்கும் மூலையை முதலில் வெட்டிவிடு என்று படித்துப் படித்துச் சொன்னேன். "ஊர் எலும்பையெல்லாம் பாக்குற, உனக்குத்தான் முதுகெலும்பே இல்ல" என்று கேலி செய்தாய். நானும் சிரித்தேன்.

பேருந்து நிறுத்தத்தின் பின்னால் நீ விட்டுவிட்டுப் போன அச்சு ஒன்றில் மூலை அப்படியே இருந்தது. அது அம்மாவுடையது.

நீ எல்லை தாண்டிய நான்காம் நாள் காலையில் ஆய்வாளர் வந்தார். கதவைத் தட்டி, அனுமதி கேட்டுத்தான் உள்ளே வந்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது யாரோட நெஞ்சும்மா?" என்றார். நீ வேலைக்குப் போயிருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருந்த அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "என்னோடதுதான் ஐயா! எங்க கெடச்சுது? டாக்டர் கேட்டுக்கிட்டே இருந்தாரு." நடுவில் இருந்த ஓட்டையை அப்புறம்தான் கவனித்தாள். "எந்தப் பாவி இத இப்படி வெட்டினான்?" என்று அவரிடமே கேட்டாள்.

என் கைபேசியை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் எங்களைச் சிறையில் போடவில்லை. ஆளுக்கொரு கம்பித் தேய்ப்பானும் சாயம் கரைக்கும் தின்னர் டப்பாவும் கொடுத்து, பதினோரு சுவரையும் பட்டப்பகலில் தேய்க்கச் சொன்னார்கள். இருபது வருடம் நூற்பாலையில் பஞ்சுத் தூசி தின்ற மார்பு அம்மாவுடையது. அந்த நெடி அவளுக்கு ஆகுமா? ஆய்வாளர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "மெதுவா செய்யுங்கம்மா, அவசரமே இல்ல."

நீ அடித்த படத்தை அம்மா அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள். "சூப்புற அழகப் பாரேன்! நம்ம பயலும் அஞ்சு வயசு வரைக்கும் இப்படித்தான்" என்று சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலானது. அவள் சிரித்ததை ஒரு காவலர் எழுதிக்கொண்டார்.

அந்தப் படத்தைக் கைபேசியில் அனுப்பி அனுப்பிச் சிரித்தவர்கள்தான் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். உன்னைத் தங்கக் கம்பி என்பாரே மருந்துக்கடைக்காரர், அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் தரத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "கால் பக்கம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு, பாருங்க" என்று விரலால் காட்டிவிட்டுப் போனார்.

ஏழாவது சுவரில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். மீதியை நான் தேய்த்தேன். பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் அவள் போய்விட்டாள். இதைப் பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, தம்பி.

உடலைத் தர மறுத்தார்கள். மகன் வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார் ஆய்வாளர். பிணவறை வாசல் பெஞ்சிலேயே ஐந்து நாள் கிடந்தேன். தெரிந்தால் நீ வந்துவிடுவாய் என்று யாரையும் உனக்குச் சொல்லவிடவில்லை. ஐந்தாம் நாள் அவரே தேநீர் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி வரவேணாம். ஏணி புடிச்சவன் பேரு மட்டும் போதும். அம்மாவ வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

அன்று மாலையே அடக்கம் முடிந்தது. நல்லபடியாக நடந்தது.

மொட்டைக்குக் கடிதம் போடாதே. அந்த வீட்டில் இப்போது அவன் மனைவி மட்டும்தான் இருக்கிறாள். ஏழாம் மாதம். கடைவீதியில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். எனக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதே எக்ஸ்ரே அறை.

ஆய்வாளர் வாரம் தவறாமல் வருகிறார். இனி அவர் சொல்லச் சொல்ல உனக்குக் கடிதங்கள் எழுதுவேன். அம்மா உன்னைத் தேடுகிறாள், ஒருமுறை முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று எழுதுவேன். கையெழுத்து என்னுடையதாகத்தான் இருக்கும். உனக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்ததையெல்லாம் எழுதுவேன். நீ நம்பும்படி எழுதுவேன். வராதே, கண்ணா. கூப்பிடுவது உன் அக்காவேதான், ஆனாலும் வராதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நூறு வயது இரு.

உன்
அக்கா