ஊற்றடியில் ஒரு வாக்குத்தத்தம்

பிப்ரவரி 4, ஞாயிறு

போதகர் ஜெகதீஷ் இன்று ஆபிரகாமைப் பற்றிப் பேசினார். தேசத்தை உனக்குத் தருவேன், எழுந்து அதன் நீளமும் அகலமும் நடந்து பார் என்றாராம் கடவுள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. போடிமெட்டுச் சரிவில் எங்கள் ஏலத்தோட்டத்துக்கும் மச்சான் ஒச்சப்பன் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கும் ஊற்றடி நிலம்தான் கண்ணில் வந்தது. மாமனார் பங்கு பிரிக்காமல் போய்ச் சேர்ந்த நிலம். அதற்காக எனக்கும் மச்சானுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. சுசித்ராதான் பாவம், எனக்குப் பெண்டாட்டி, அவருக்குத் தங்கச்சி.

உடனே ஜீப்பேறிப் போய் ஊற்றடியைச் சுற்றி நடந்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 7

தினமும் நடக்கிறேன். வாய்க்குள் ஜெபம். பாதத்தில் முள் குத்தியது. கடவுள் கொடுத்த வாக்குத்தத்தம் என்றால் சோதனை இருக்கும்தானே?

பிப்ரவரி 9

மச்சான் பார்த்துவிட்டார். நான் செய்வினை வைக்கிறேன் என்று நினைத்து, நடந்த தடம் முழுக்க எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவிப் போட்டிருக்கிறார். மிதிக்கலாமா, கூடாதா? இதைப் போதகரிடம் எப்படிக் கேட்பது? தாண்டித் தாண்டி நடந்தேன்.

பிப்ரவரி 10

விழுந்தேன். வலது கணுக்கால். எலுமிச்சம்பழம்தான்.

பிப்ரவரி 12

நேற்று எழுத முடியவில்லை, அவ்வளவு வலி.

விழுந்த அன்று நான் போட்ட சத்தத்துக்கு ஓடி வந்தவர் மச்சான்தான். முதுகில் தூக்கிக்கொண்டு ரோடு வரை இறங்கினார். நானாகவே சொல்லிவிட்டேன் – செய்வினை இல்லை, கடவுள் எனக்கு அந்த நிலத்தைத் தருவார் என்று நம்பி நடந்தேன் என்று.

என்னை முதுகில் சரியாக ஏற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஒனக்குக் குடுக்கிறதா இருந்தா, எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிருப்பார்ல மாப்ளே."

அவர் முதுகில் இருந்துகொண்டு அவரோடு என்ன வாதம் செய்வது?

பிப்ரவரி 15

மாவுக்கட்டு. நான் சபைக்குப் போக ஆரம்பித்த பிறகும் சுசித்ரா எங்கள் குலசாமியைத் தவிர வேறு பக்கம் திரும்பாதவள். டிவி ரிப்பேர் என்பதால் என் வேதாகமத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நடக்கச் சொல்றதுக்கு முன்னாடியே ஒரு சங்கதி இருக்கே. மேய்ச்சல் நெலத்துக்குச் சண்டை வந்திருக்கு. அந்தப் பெரிய மனுசன், ஒனக்கு எந்தப் பக்கம் வேணுமோ நீயே மொதல்ல எடுத்துக்கன்னு தம்பி மகன்கிட்டச் சொல்லிட்டார். அதுக்கப்புறந்தான் அவரை நடக்கச் சொல்றார் கடவுள்."

நான் படித்த அதே பக்கம். என் கண்ணில் படவில்லை. படவில்லையா, நான் பார்க்கவில்லையா?

பிப்ரவரி 16

ஆதரவாக நாலு வார்த்தை சொல்வார் என்று போதகருக்குப் போன் போட்டேன். சுசித்ரா சொன்னதே சரி என்றார். அந்த வாக்கு ஒரு ஜனத்துக்கே சொன்னது, மச்சான் தோட்டத்தை வளைப்பதற்குச் சொன்னதல்ல. கொடுத்த பிறகும் நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடம் குடியிருப்பவர்கள் என்று கடவுள் வேறோரிடத்தில் சொல்கிறாராம்.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னேன், நீங்கள் பாதியில் எழுந்து போய்விட்டீர்கள் என்றார்.

ஜீப்பைப் பிடிக்கத்தான் போனேன்.

மார்ச் 3

கம்பூன்றி மேலே போனேன். ஊற்று வேண்டுமா, அதற்கு மேலே இருக்கிற மேடு வேண்டுமா, நீங்களே முதலில் சொல்லுங்கள் மச்சான் என்றேன். நாம் பெருந்தன்மையாகக் கேட்டால் அவரும் பெருந்தன்மையாக ஊற்றை எனக்கு விடுவார் என்று ஒரு கணக்கு.

"ஊத்து" என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மார்ச் 4

தூக்கமே இல்லை. இந்தக் கோடையில செடி காஞ்சா நான் என்ன பண்ணுவேன்? பெரிய மனுசன் வேலை எனக்கெதுக்கு? சுசித்ரா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவள் இப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிறது. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 10

மச்சான் ஊற்றிலிருந்து எங்கள் செடிகளுக்கு ஓஸ் குழாய் இழுத்துவிட்டிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. ஜீப்பு டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது.

மார்ச் 17, ஞாயிறு

மச்சான் மதியம் சாப்பிட வந்தார். கறிக்குழம்பில் உப்புக் குறைச்சல் என்று சொல்லிச் சொல்லியே சட்டியைக் காலி பண்ணினார். இப்போது என் கட்டிலில் குறட்டை விடுகிறார். நான் தரையில் சுவரோரம் சாய்ந்து இதை எழுதுகிறேன். டேபிள் ஃபேனையும் சுசித்ரா அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள்.