கருங்காலிக்குத் துணை தேடிய அக்காவுக்கு

என் உயிரில் பாதியான அக்கா,

நீ போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இன்னும் வீட்டில் இருப்புக் கொள்வதில்லை எனக்கு. மாத்தளை பஸ் நிலையத்துக்குப் போய் நிற்கிறேன், நாலந்தா பஸ் வந்தால் ஏறிவிடுகிறேன். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வேன்?

பள்ளிக்கூடத்தில் நீ விஞ்ஞான டீச்சர். நாலந்தா ஆட்களுக்கோ ‘கருங்காலி டீச்சர்’. அங்கே குளத்து மேட்டில் நின்ற அந்த ஒற்றைக் கருங்காலி வருஷா வருஷம் பூத்தது, ஒருநாளும் காய்க்கவில்லை. “இது ஆண் மரம்டா. பொண்ணு ஒன்னு கெடைக்கலைன்னா இந்தப் பக்கம் கருங்காலி வம்சமே இதோட முடிஞ்சிரும்” என்பாய். மற்றவை எல்லாம் எப்போதோ வெட்டுப்பட்டு லொறி ஏறிப் போய்விட்டன.

இந்தச் சண்டைக் காலத்தில், தொலைநோக்கியோடு காட்டில் அலையும் தமிழ்ப் பெண்ணை யார் சும்மா விடுவார்கள்? சோதனைச் சாவடியில் நிறுத்தி, என்ன தேடுகிறாய் என்று கேட்டார்கள். “மாப்பிள்ளை இருக்காரு சேர், பொண்ணுதான் கெடைக்கல” என்று சிங்களத்தில் சொன்னாய். நானும் பக்கத்தில் நின்றேன். அவர்கள் சிரிக்கவில்லை. பொழுது சாயும்வரை உட்கார வைத்துத்தான் அனுப்பினார்கள். அடுத்த ஞாயிறும் நீ போனாய்.

பிறகு உன்னைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், “காய்க்குற காலம் வந்திருச்சாடா?” என்றுதானே கேட்டாய்?

கேள் அக்கா. போன மாதம் ராசிக் நானா நான் வேலை பார்க்கும் கந்தோருக்கு வந்தார். நாலந்தாவில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். தேநீர்க் கடையில் நீ அவரிடமும் விசாரித்து வைத்திருக்கிறாய்.

“தம்பி, டீச்சர் கேட்ட காய் இதா பாருங்க. எங்கட வேலியோர மரத்துல காச்சிருக்கு.”

சின்னக் கிண்ணத்தில் உட்கார்ந்தது போல உருண்டைக் காய்கள். நீ காடெல்லாம் தேடினாய், அந்தப் பெண் மரம் தோட்டத்து வேலியில் நின்றிருக்கிறது. உன் மரத்தின் மகரந்தம்தான் அதைக் காய்க்க வைத்திருக்க வேண்டும்.

அன்றே இருவரும் உன் மரத்தைப் பார்க்க ஓடினோம். அடிக்கட்டைதான் இருந்தது. வெளிறிய வட்டத்துக்கு நடுவே மை போலக் கறுப்பு. மரத்தூள்கூட இன்னும் காயவில்லை.

“எங்கட மரத்தையும் கேட்டு ரெண்டு பேர் வந்தாங்க. இல்லைன்னுட்டேன். ஆனா நான் தோட்டத்துல இல்லாத நேரம் வந்தா?” என்றார் நானா.

அந்த நினைப்புத்தான் என்னை இருக்கவிடாமல் துரத்துகிறது. கண்டி வீதியில் லொறி போனால் மேலே மூடிய படங்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறேன்.

விதைகளைத் தகர டப்பாக்களில் போட்டோம். சில முளைத்திருக்கின்றன. எது ஆண், எது பெண்? பூக்கும்வரை தெரியாதாம். அதற்குள் இந்தச் சண்டை முடியுமா? நான்தான் இருப்பேனா?

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க மாட்டேன். நானாவின் தோட்டத்தில் சில, உன் பள்ளிக்கூடத்துப் பின்வளவில் சில, நம் கிணற்றடியில் ஒன்று. முதல் பூவைப் பார்க்க நான் இல்லாமல் போனாலும், பார்க்க ஆள் வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன்.

உன் கூடப் பிறந்தவன்,
தம்பி சிவா