சூடு அல்ல, ஒத்தடம்

டாக்டர்,

கல்லுப்பு வறுபடும் வாசனை எங்கள் நிக்டி வீடு முழுக்க அடிக்கிறது. எனக்குக் கழுத்துப் பிடிப்பு. கீர்த்தி தவாவில் உப்பை வறுத்து, அவள் அப்பாவின் பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டுகிறாள். அவள் வருவதற்குள் உங்களுக்கு நாலு வரி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நீங்கள் முதலில் பார்த்தபோது என் மகளுக்கு ஆறு வயது. தலையில் இருந்த கட்டியை அறுத்தெடுத்து, கதிர்வீச்சும் கொடுத்து முடித்த பிறகு அது திரும்பி வந்திருந்தது. மறுபடியும் முழு அளவு கதிர்வீச்சை அந்தச் சின்ன மூளை தாங்காது என்று எல்லோரும் கையை விரித்தார்கள். நீங்கள்தான் வேறு வழி சொன்னீர்கள். கட்டி இருக்கும் இடத்தை மட்டும் காய்ச்சலைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கினால் அது தளர்ந்துபோகும். பிறகு குறைந்த கதிரைக் குறிபார்த்துச் செலுத்தினாலே போதும் என்றீர்கள். "புது முறை. இன்னும் சோதனையிலதான் இருக்கு. பலிக்கும்னு கேரண்டி குடுக்க மாட்டேன்." பொய்யாக நம்பிக்கை கொடுக்காத அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துவிட்டது.

அதற்கு அவள் விழித்திருக்க வேண்டும், அசையாமல் படுக்க வேண்டும், எங்காவது சுட்டால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதனால் அவளிடமே விளக்கப் போனீர்கள். இங்கே மராத்திக்காரர்கள் நடுவே, போபோடியில் பிறந்து வளர்ந்த தமிழர் நீங்கள்; அப்பா ராணுவ ஆலையில் தொழிலாளி. "என் தமிழ் கச்சா தமிழ்ங்க," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவள் தலையைத் தடவி, "பேட்டா, முதல்ல உன் தலைக்குச் சூடு வெப்போம். அப்புறம் லைட்டு," என்றீர்கள்.

அவ்வளவுதான். கீர்த்தி கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

"சூடு வேணாம். நான் என்ன தப்பு பண்ணேன்?"

உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எங்கள் மதுரைப் பக்கம் சேட்டை செய்யும் பிள்ளையிடம் கரண்டியைக் காட்டி, "சூடு வெச்சுப்புடுவேன்" என்று மிரட்டாத தாய் உண்டா? ஒருநாளும் வைத்ததில்லை, சொல்வதோடு சரி. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இவள் சூட்டைக் காணாமலே சேரமாட்டேன் என்றாள். நான் விளக்கியதும் நீங்கள் கோபப்படுவீர்கள் என்று பயந்தேன். சிரித்தீர்கள்.

"அரே, வயித்து வலிக்குத் துணியைச் சுடவெச்சு வெப்பாங்களே, மராத்தியில ஷேக்னு சொல்வாங்க. தமிழ்ல அதுக்கு என்ன?"

"ஒத்தடம்."

முதல் தடவை உங்கள் வாயில் அது ஒத்தரம் என்று வந்தது. திருத்திச் சொல்லிப் பார்த்தீர்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, வெள்ளைக் கோட்டோடு தரையில் உட்கார்ந்து, முதலில் உங்கள் கன்னத்தில் வைத்துக்கொண்டீர்கள். அப்புறம் என் கன்னத்தில். பிறகுதான் கட்டிலுக்கு அடியில் கையை நீட்டினீர்கள்.

"இது சூடு இல்ல கண்ணு. தப்பு பண்ணவங்களுக்குத்தான் சூடு. வலிக்கிறவங்களுக்கு ஒத்தடம்."

பிறகு ஒரு சின்னக் கை வந்து துணியை வாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை அந்த அறைக்குள் போகும்போதும், "உங்க கன்னத்துல வெச்சுப் பாத்தீங்களா?" என்று அதிகாரமாகக் கேட்பாள். "பாத்தாச்சு," என்பீர்கள், பெரிய டாக்டருக்குப் பதில் சொல்வதுபோல.

கட்டி சுருங்கியது, பிறகு வளரவில்லை. ஒத்தடத்தாலா, கதிராலா என்று கேட்டேன். "ரெண்டும் சேந்துதான்னு நெனைக்கிறேன். இன்னும் நெறைய பிள்ளைங்களைப் பாத்தாத்தான் சொல்ல முடியும்," என்றீர்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்ப்பதற்குள் நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள். இது என்ன நியாயம் என்று உங்களிடமே சண்டை போடத் தோன்றுகிறது.

கீர்த்தி இப்போது பத்தாவது படிக்கிறாள். இடது கை மட்டும் சொன்ன பேச்சைக் கொஞ்சம் தாமதமாகக் கேட்கும். தமிழ் படிக்கத் தெரியாது. இந்தக் கடிதத்தை அவளுக்கு நான்தான் வாசித்துக் காட்டவேண்டும்.

இதோ மூட்டையோடு வந்துவிட்டாள். "ரொம்பச் சுடுமாடி?" என்றேன். தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

"பாத்தாச்சு அம்மா. ஒத்தடம்தான்."

உங்களுக்கு நான் கொடுத்தது ஒரு சொல். நீங்கள் எனக்குத் திருப்பிக் கொடுத்தவள் என் பின்னால் நின்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.